ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை: புது சிஸ்டத்தில் கோளாறு பிடிக்கும் 12 படிகள்

டெஸ்க்டாப் சப்போர்ட், ஃபீல்ட் இன்ஜினியர், சர்வீஸ் டெக்னீஷியன் என எந்த வேலைக்குப் போனாலும் இன்டர்வியூவில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து நிற்கும். “புது சிஸ்டம். நேற்றுதான் அசெம்பிள் பண்ணியது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. என்ன பார்ப்பீர்கள்?”

“ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன் சார்” என்பார்கள் பலர். “அதற்கும் வரவில்லையே?” என்றால், “அப்போ போர்டு போயிருக்கும்” என்பார்கள். இரண்டே வாக்கியத்தில் ஆட்டம் முடிந்தது. உங்களுக்குப் போட்டியாக வெளியே காத்திருப்பவர்களும் இதையேதான் சொல்லப் போகிறார்கள். கேட்பவர் உங்களிடம் தேடுவது ஒரு வரிசை. முதல் ஊகம் தப்பிப்போனாலும் அடுத்தது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வரிசை கையில் இருப்பவரை நம்பித்தான் கம்பெனி தன் கஸ்டமரிடம் ஆளை அனுப்பும்.

அதைப் பழக வீட்டில் புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரைவிட நல்ல இடம் இல்லை. காரணம் எளிது. நேற்றுவரை ஓடிய சிஸ்டம் இன்று நின்றால், “நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது?” என்று கேட்டே பாதி தூரம் போய்விடலாம். புது சிஸ்டம் ஒருநாளும் ஓடியதே இல்லை. எல்லா பார்ட்ஸும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. மாட்டிய கையும் இருக்கிறது. அங்கே வரிசையோடு வேலை செய்யப் பழகியவருக்குப் பழைய சிஸ்டம் சுலபம்.

1. அறிகுறிக்குச் சரியான பெயர் வையுங்கள்

“ஆன் ஆகவில்லை” என்பது கஸ்டமர் சொல்லும் வார்த்தை. டெக்னீஷியன் அதை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, எந்த அசைவும் இல்லை. இரண்டு, ஒரு நொடி சுற்றி அணைந்துவிடுகிறது. மூன்று, ஃபேன் ஓடுகிறது, படம் இல்லை. நான்கு, பயாஸ் வருகிறது, விண்டோஸ் போட முடியவில்லை. ஐந்து, விண்டோஸ் ஓடுகிறது, கேம் திறந்தால் ஹேங் அல்லது ரீஸ்டார்ட்.

முதலாவதற்கு சுவிட்சும் எஸ்எம்பிஎஸ்ஸும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஷார்ட் சர்க்யூட் தேடுங்கள். மூன்றாவதில் பவர் கனெக்டர், ரேம், பயாஸ் வெர்ஷன். நான்காவதில் எஸ்எஸ்டியும் செட்டிங்கும். ஐந்தாவதில் சூடு, ரேம், கரண்ட். இப்படிப் பிரித்துவிட்டாலே தேட வேண்டிய இடம் பல மடங்கு சுருங்கிவிடும். இன்டர்வியூவிலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “முதலில் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பேன்.”

2. ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் வெளியே பாருங்கள்

சுவர் சுவிட்ச், எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் குட்டி சுவிட்ச், பவர் கேபிள், மானிட்டரின் இன்புட் செலக்‌ஷன். அரை நிமிட வேலை. இதைத் தாண்டிப் போய் போர்டைக் கழற்றியவர்கள் ஏராளம்.

அடுத்து, மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருப்பதாலேயே அதில் படம் வந்துவிடாது. ரைசன் 5 5600-ல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. இன்டெல்லில் மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் அந்த ப்ராசஸரை வாங்கிவிட்டு நாள் முழுக்கத் தேடினாலும் டிஸ்ப்ளே வரப்போவதில்லை. மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் இதை மேஜையிலேயே சொல்லிவிடுவார்.

3. உங்கள் உயிரும் பார்ட்ஸும் பத்திரம்

கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கும். பெயின்ட் இல்லாத கேபினெட் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் சேர்ந்த ஸ்டாட்டிக் கண்ணுக்குத் தெரியாது; சிப்புக்குத் தெரியும்.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கிறதா? எர்த்திங் சரியில்லாத வீடுகளில் இது சகஜம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டரில் கசியும் சிறு கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. “கம்ப்யூட்டர் கோளாறு” என்று பார்ட்ஸ் மாற்றாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

4. பவர் கனெக்டர்களை விரலால் எண்ணுங்கள்

ஃபேன் சுற்றியும் படம் வராத புது சிஸ்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது ப்ராசஸருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டர். 24 பின் கேபிள் மட்டும் போட்டால் ஃபேன் சுற்றும், எல்இடி எரியும். ப்ராசஸருக்குக் கரண்ட் போகாது. கேபினெட்டுக்குப் பின்வழியாக இழுத்துவர வேண்டிய கேபிள் என்பதால் புதியவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் ப்ராசஸருக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வயரிங் வேறு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறு பிராண்டின் கேபிள் பொருந்தினாலும் வயர் வரிசை மாறியிருக்கலாம். ஒரு நொடியில் எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

உயர் ரக கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் கடைசிவரை உள்ளே போக வேண்டும். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்த இடம் உருகிய புகார்கள் வந்தபோது, முழுதாகச் செருகப்படாததே அவற்றில் பொதுவாகக் கண்ட குறை என்று என்விடியா சொன்னது. ‘கிளிக்’ கேட்டதா, இடைவெளி தெரிகிறதா, இரண்டையும் பாருங்கள்.

5. சிஸ்டத்தைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள்

நல்ல டெக்னீஷியனை அடையாளம் காட்டும் படி இதுதான். போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுங்கள். அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், 8 பின். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர் என்றால் கார்டும். வேறு எதுவும் வேண்டாம். எஸ்எஸ்டி, ஆர்ஜிபி, கேபினெட் ஃபேன், முன்பக்க யுஎஸ்பி எல்லாம் வெளியே.

கேபினெட் பட்டனையும் நம்ப வேண்டாம். மேனுவலைப் பார்த்து பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களைக் கண்டுபிடித்து ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். ஆன் ஆனால் குற்றவாளி பட்டன், அதன் வயர் அல்லது தப்பான பின்.

வெளியே ஓடி, உள்ளே ஓடவில்லையா? கேபினெட்டுக்குள் ஷார்ட் இருக்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று துளை இல்லாத இடத்தில் நின்றுகொண்டு போர்டின் அடிப்பக்கத்தைத் தொடும். ஒரு நொடி சுற்றி அணையும் சிஸ்டத்தில் இதை மறக்காமல் பாருங்கள்.

படம் வந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு ஆன். மூன்றை ஒன்றாக மாற்றி சிஸ்டம் ஓடிவிட்டால் எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, கேட்பவருக்கும் சொல்ல முடியாது.

6. ரேம்: சரியான ஸ்லாட், போதுமான பொறுமை

நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ஒரு ரேம் போடுவதானால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். இரண்டு என்றால் இரண்டாவதும் நான்காவதும். மேனுவல் சொல்வதே இறுதி. புது ரேமை ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. இரு முனையும் பூட்டும்வரை அழுத்தினால் போதும்.

டிடிஆர் 5 சிஸ்டங்களில், முக்கியமாக ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில், முதல் முறை ஆன் செய்யும்போது ‘மெமரி ட்ரெய்னிங்’ நடக்கும். போர்டும் ரேமும் ஒத்துப்போகும் டைமிங்கைத் தேடும் வேலை அது. சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் அணைப்பவர், தேடலை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார். முதல் பூட்டுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

பயாஸில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்த பிறகு படம் போனால் ரேம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிளக்கை எடுத்துவிட்டு, பயாஸ் செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கிளியர் சீமாஸ் செய்யுங்கள்: அதற்கான இரண்டு பின்களைத் தொடலாம், அல்லது சிஆர் 2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டலாம்.

7. போர்டு சொல்வதைப் படியுங்கள்

இன்றைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எம்எஸ்ஐ இதை ‘ஈஸி டீபக் எல்இடி’ என்கிறது, ஆசுஸ் ‘க்யூ எல்இடி’ என்கிறது. பவர் ஆன் ஆனதும் போர்டு தன்னைத்தானே சோதிக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். விளக்கு இல்லாத போர்டில் சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டுங்கள். விலை மிகக் குறைவு. உங்கள் பையில் எப்போதும் ஒன்று இருக்கட்டும். பீப் கணக்கு பயாஸுக்கு பயாஸ் மாறும் என்பதால் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு காட்டுவது நின்ற இடத்தை. குற்றவாளியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிராம் விளக்கு எரிந்தால் ரேம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் அதே விளக்குதான் எரியும். நல்ல வெளிச்சத்தில் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-லும் பின் போர்டில் இருக்கும். ஏஎம்4-ல் ப்ராசஸரின் அடியில்.

8. பொருந்தும் பார்ட்ஸ்தானா? பயாஸ் வெர்ஷனைக் கேளுங்கள்

எல்லாம் புதிது, எல்லாம் நல்லது, ஆனாலும் ஓடாது. பி450 போர்டில் ரைசன் 5000 ப்ராசஸர் பொருந்தும். பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது. இன்டெல் 600 சீரிஸ் போர்டில் 13-ம் தலைமுறை ப்ராசஸருக்கும் இதே கதை. கடையில் பல மாதம் கிடந்த போர்டு என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கம்பெனி வெப்சைட்டில் அந்தப் போர்டுக்கான ப்ராசஸர் பட்டியலில் எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து ஆதரவு என்று எழுதியிருக்கும். சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டன் உண்டு. இல்லையென்றால் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு முடங்கலாம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஓடுகிற சிஸ்டத்துக்கும் பயாஸ் முக்கியம். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் கிராஷ் பிரச்சினை வெடித்தபோது, 2024-ல் இன்டெல் பயாஸ் வழியாகத்தான் மைக்ரோகோட் திருத்தத்தைக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. அந்த ப்ராசஸர் இருக்கும் சிஸ்டம் கைக்கு வந்தால் புது பயாஸ் ஏற்றாமல் டெலிவரி கொடுக்காதீர்கள்.

9. எஸ்எஸ்டி தெரியவில்லையா? பயாஸிலிருந்து தொடங்குங்கள்

பயாஸில் எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் பிரச்சினை ஸ்லாட்டிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கிறது. எம்.2 வடிவத்தில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு. எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. சில போர்டுகளில் எம்.2-வை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் தானாக ஆஃப் ஆகிவிடும்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் தெரியவில்லை என்றால் ஹார்டுவேரை விட்டுவிடுங்கள். 11-ம் தலைமுறை முதலான இன்டெல் சிஸ்டங்களில் விஎம்டி என்ற பயாஸ் செட்டிங் ஆன் ஆகியிருந்தால் இன்ஸ்டாலருக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். விண்டோஸ் 11 ‘இந்தக் கம்ப்யூட்டரில் போட முடியாது’ என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் பயாஸில் பாருங்கள்.

10. ஓடுகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள்

விண்டோஸ் வந்தவுடன் பில் போடும் டெக்னீஷியன் ஒரே வாரத்தில் திரும்பக் கூப்பிடப்படுவார். அந்த ட்ரிப்புக்கு யாரும் காசு தரமாட்டார்கள். டெலிவரிக்கு முன்பே சிஸ்டத்தை உழைக்க வைத்துப் பாருங்கள்.

எச்டபிள்யுஇன்ஃபோ சாஃப்ட்வேரில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரிக்காமல் மாட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. இன்டெல் பாக்ஸ் கூலரில் நான்கு புஷ்பின்னும் பின்பக்கம் வெளியே வந்திருக்கின்றனவா பாருங்கள். அதே சமயம் ப்ராசஸரின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: ரைசன் 7000 சீரிஸில் பல மாடல்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைக் கோளாறு என்று சொன்னால் உங்கள் மதிப்புதான் குறையும்.

ரேமுக்கு மெம்டெஸ்ட் 86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது தோல்விதான். லோடில் திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ இருக்கும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். காரணத்தை எஸ்எம்பிஎஸ், சூடு, யுபிஎஸ் என்று நீங்கள் தேட வேண்டும்.

யுபிஎஸ்ஸை நம் ஊரில் தனியாகக் கவனியுங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேமிங் சிஸ்டம் முழு லோடில் ஓடும்போது கரண்ட் போனால் சிஸ்டமும் கூடவே அணையும். கஸ்டமர் “புது கம்ப்யூட்டர் சரியில்லை” என்பார். வாட் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

11. ‘டெட்’ என்று சொல்லும் முன் இரண்டு பக்கமும் சோதியுங்கள்

நன்றாக ஓடும் என்று தெரிந்த பார்ட்டைச் சந்தேகப்பட்ட இடத்தில் போடுங்கள். சந்தேகப்பட்ட பார்ட்டை நன்றாக ஓடும் சிஸ்டத்தில் போடுங்கள். இரண்டு சோதனையும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டுமே அந்த பார்ட் மேல் பழி. ஆனால் ஷார்ட் ஆன எஸ்எம்பிஎஸ்ஸையோ கருகிய போர்டையோ நல்ல சிஸ்டத்தோடு சேர்க்காதீர்கள், நல்லதும் போய்விடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை விசாரித்து, போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, எஸ்எம்பிஎஸ் ஒரு கடை என்று வாங்கியவருக்கு இங்கேதான் சோதனை. ஒவ்வொரு கடைக்காரரும் அடுத்த கடை பார்ட்டைக் காட்டுவார். அங்கே உங்கள் இரட்டைச் சோதனையின் போட்டோவும் வீடியோவும்தான் பேசும். பில், சீரியல் நம்பர், பெட்டி மூன்றும் கையில் இருக்கட்டும். வளைந்த சாக்கெட் பின்னுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. அதனால் போர்டை வாங்கும்போதே கடையில் திறந்து சாக்கெட்டைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

12. செய்ததை எழுதுங்கள், எழுதியதை விற்றுக் காட்டுங்கள்

ஒவ்வொரு கேஸுக்கும் ஐந்து வரி போதும்: அறிகுறி, முதல் சந்தேகம், செய்த சோதனைகள், உண்மையான காரணம், இனி வராமல் இருக்க என்ன செய்தீர்கள். உலகம் முழுக்க சப்போர்ட் வேலைக்கு மதிக்கப்படும் காம்ப்டியா ஏ பிளஸ் தேர்வு கற்றுத்தரும் ஆறு படிகளும் இதே பாதையில்தான் போகின்றன. பிரச்சினையை அடையாளம் காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, முழு சிஸ்டத்தையும் சரிபார்ப்பது, பதிவு செய்வது. கடைசிப் படியைத்தான் பெரும்பாலான டெக்னீஷியன்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால் அதைச் செய்பவர் சட்டென்று தனித்துத் தெரிவார்.

இருபது கேஸ் எழுதிய நோட்டு இருந்தால் ரெஸ்யூமேயில் “ஹார்டுவேர் ட்ரபிள்ஷூட்டிங் தெரியும்” என்று பொதுவாக எழுத வேண்டியதில்லை. “பி450 போர்டில் நோ டிஸ்ப்ளே, பயாஸ் வெர்ஷன் காரணம், ஏற்றிச் சரிசெய்தேன்” என்று ஒரு கேஸைச் சொல்லுங்கள். குறிப்பாகச் சொன்னால் அடுத்த கேள்வி உங்களுக்குத் தெரிந்த இடத்திலேயே வரும்.

கஸ்டமரிடமும் மூன்றே வாக்கியம்: என்ன இருந்தது, என்ன செய்தேன், இனி நீங்கள் என்ன கவனிக்க வேண்டும். முன்பு பார்த்த டெக்னீஷியனைக் குறை சொல்லாதீர்கள். நாளைக்கு உங்களையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று கஸ்டமர் நினைப்பார். கோளாறு கண்டுபிடிக்கும் கட்டணத்தை முதலிலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். கழன்றிருந்த ஒரு கேபிளைச் செருக ஒரு நொடிதான். அந்தக் கேபிள்தான் என்று தெரிந்துகொள்ள நீங்கள் செலவிட்ட வருடங்களுக்குத்தான் காசு.

இந்த வரிசை ஹோம் பிசியோடு நிற்பதில்லை. அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களில் சர்வருக்கு முன்னால் நிற்கும் டெக்னீஷியனும் ரேமைக் குறைத்து, ஒவ்வொன்றாக மாற்றி, லாகைப் படித்து, எழுதி வைக்கிறார். அளவு பெரிது, சம்பளம் அதிகம், முறை ஒன்றுதான்.

அதனால் இந்த வாரமே பயிற்சியைத் தொடங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உங்கள் சிஸ்டத்தில் ரேமைக் கழற்றுங்கள். ஆன் செய்து எந்த விளக்கு எரிகிறது, எத்தனை பீப் வருகிறது என்று எழுதுங்கள். மறுபடி பிளக்கை எடுத்து ரேமை மாட்டி, 8 பின்னைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து மானிட்டர் கேபிளை இடம் மாற்றுங்கள். கூலரை மட்டும் கழற்றி ஓட்டவே கூடாது. பிறகு நண்பர் ஒருவரை இந்த மூன்றில் ஒரு கோளாறை உங்களுக்குத் தெரியாமல் வைக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடியுங்கள். இருபது நிமிடத்தில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு வந்த பிறகு இன்டர்வியூவுக்கு விண்ணப்பியுங்கள்.